வெர்னா பிடியை விடவில்லை

கூப்பர் டுவைட்-வெர்னா தம்பதியின் நாய் அல்ல, அவர்கள் மகள் ஜோலீனுடையது. ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனிக்குப் போகும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் விட்டுப் போயிருந்தாள். டுவைட்டுக்கு மகள் மேல் இருந்த பாசமெல்லாம் அந்தச் செம்பட்டை நாய் மேல் இறங்கிவிட்டது. செப்டம்பரில் அவரும் வெர்னாவும் ஐடஹோவிலிருந்து வேனில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பியபோது, அதையும் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் இரவு பைன் மரங்களுக்கு நடுவே தங்கினார்கள். காலையில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். நல்ல குளிர். எங்கு பார்த்தாலும் ஆவி. காபி போட அடுப்பை எடுக்கலாம் என்று டுவைட் பக்கவாட்டுக் கதவைத் தள்ளினார். கூப்பரைக் கட்டியிருக்கவில்லை. வெளியே ஓடிய ஓர் அணிலைப் பார்த்ததும் அவர் காலுக்கிடையில் புகுந்து பாய்ந்தது. மரப்பலகை நடைபாதையைத் தாண்டியது. எதிரே நீலமாகத் தெளிந்து கிடந்தது கொதிக்கும் ஊற்றுத் தண்ணீர். எந்தக் குளத்தைப் பார்த்தாலும் குதிக்கிற நாய் அது. இதிலும் குதித்துவிட்டது.

அது போட்ட சத்தத்தை வெர்னா அதற்கு முன் எந்த நாயிடமும் கேட்டதில்லை.

டுவைட் சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடினார். வெர்னா பின்னால் பாய்ந்து அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இருவரும் விழுந்தார்கள். அவர் முதுகின் மேல் தன் முழுக் கனத்தையும் போட்டு அழுத்திக்கொண்டாள்.

"விடு வெர்னா. அவன் என்னைத்தான் பாக்குறான்."

"விடமாட்டேன்."

அவர் முழங்கை அவள் கன்னத்தில் இடித்தது. அப்போதும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. நாய் கரைப் பக்கம் திரும்பியது, பிறகு அசைவில்லாமல் போனது. ஓடிவந்த பெண் வனக் காவலர் அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டு, அந்தத் தண்ணீரிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

பூங்காவுக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. வெளியே ஊருக்கு வந்த பிறகு வெர்னாதான் ஜோலீனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். கதவு தானாகத் திறந்துகொண்டது என்றாள்.

ஜோலீன் அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பக்கத்துலதான் இருக்கார்."

டுவைட் போனை வாங்கவில்லை. வெர்னா அதைப் பைக்குள் வைத்த பிறகு, "நீ என்னை விட்டிருக்கணும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், உப்பை எடுத்துக் கொடுத்தால் நன்றி சொன்னார், அடுத்த வீட்டுக்காரியிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொண்டார். கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த ஜோலீன் வசந்தத்தில்தான் வந்தாள். வந்த அன்றே அப்பாவும் மகளும் பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதார்கள். கதவைத் திறந்தது தான்தான் என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. ஜோலீன் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

வெர்னா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். போய் அவர்கள் பக்கத்தில் உட்காரலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.