பத்தால் வகுத்தேன்

எங்கள் பூச்சிமருந்து அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மருந்தைப் பற்றித் தெரியாதது ஏதாவது இருந்தால், அனுமதிக்கும் அளவைப் பத்தால் வகுத்துவிடுவோம். எலி தாங்கியதை மனிதர் தாங்குவாரா, தெரியாது, பத்தால் வகு. நீங்கள் தாங்குவதை நான் தாங்குவேனா, தெரியாது, இன்னொரு பத்து. ஊரே எல்லாம் தெரியும் என்று அடித்துவிடும்போது, தெரியாது என்று எழுதிச் சம்பளம் வாங்குகிற ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இந்த முறை வந்தது தக்காளிச் செடியைக் கெடுக்கும் வெள்ளை ஈயைக் கொல்லும் மருந்து. குட்டி எலிகளிடம் சோதனையே செய்யவில்லை. குழந்தைகள் தாங்குமா, தெரியாது. மூன்றாவது முறையும் வகுத்தேன். மிஞ்சிய அளவை வைத்துக்கொண்டு தக்காளிக்கு அடிக்கவே முடியாது. சோதனை வரும்வரை அனுமதி இல்லை என்று எழுதினேன். அக்கா வீட்டுக்காரருக்குப் பிழைப்பே கண்ணாடிக் கூடாரத் தக்காளிதான் என்று அலுவலகத் தலைவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதனால் தலைவர் இன்னொருவரையும் கணக்குப் போடச் சொன்னார். அவருக்கும் அதே விடை.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

“அது ஆபத்துன்னு நிரூபிச்சுட்டியா?”

“இல்லக்கா.”

“அப்ப ஆபத்து இல்லைதானே?”

“அதுவும் தெரியலைக்கா.”

“தெரியலைன்னு சொல்றதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்? எங்க வயித்துல அடிச்சிட்டியேடி!”

வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய் நின்றேன். அக்கா அறையைவிட்டு வெளியே வரவில்லை. அத்தான்தான் கூடாரத்துக்கு அழைத்துப்போனார். அவர்களுடைய நாலு வயது மகள் பின்னாலேயே ஓடிவந்தாள். செடிகளெல்லாம் மஞ்சளித்துத் தொங்கின. கடைசி வரிசை மட்டும் பச்சைப்பசேலென்று, பழம் பழுத்து நின்றது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் முறைப்படி அனுமதி வாங்கி, அந்த மருந்தைச் சோதனைக்கு மட்டும் அடித்த வரிசை அது. அதன் பழத்தை விற்கக் கூடாது, குழிவெட்டிப் புதைக்க வேண்டும்.

“பாரு கொழுந்தியா, நல்லா கண்ணைத் தொறந்து பாரு. மருந்து கெடைச்சிருந்தா மொத்தமும் இப்படி நின்னுருக்கும். நீங்க ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு…”

பேச்சு பாதியில் நின்றது. குழந்தை அந்த வரிசையில் ஒரு பழத்தைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

“தின்னாதே!” என்று கத்தினார் பாருங்கள், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரே பாய்ச்சலில் போய்ப் பழத்தைத் தட்டிவிட்டார். அவள் வீல் என்று அழுதாள். குழாயடிக்குத் தூக்கிப்போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

“வாயில படலை. ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றார், என்னைப் பார்க்காமலே.

“படலைன்னா ஒண்ணும் ஆகாது அத்தான்.”

“தின்னுருந்தா?”

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

“தெரியலை அத்தான்.”

குழாயை மூடினார். அழுகிறவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பச்சை வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாப்பிட்டுட்டுப் போ. உங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன்.”