தபசுகாலத்தில் ஒரு படம்

கொழும்பில் மூன்று தியேட்டர்கள் சேர்ந்து பழைய தமிழ்ப் படங்கள் போடுகின்றன என்று என் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. இத்தாலியிலிருந்து என் மகள் நிஷாந்தினிதான் அனுப்பியிருந்தாள். "அம்மா, நான் வந்து நிக்கிற பத்து நாளில ஒரு படத்துக்குப் போவம். எதெண்டு நீங்களே பார்த்து வையுங்கோ" என்று குரலும் பதிந்து அனுப்பியிருந்தாள்.

அன்றைக்குத் தொடங்கியது என் தலையிடி. பட்டியலில் பதினாறு படம். எல்லாம் நான் இங்கே சிலாபத்தில் இளம் வயதில் பார்த்தவை. அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கோபம் வந்தது. மகன் பட்டணம் போகிறான், அம்மா அழுகிறாள். மகள் கலியாணம் கட்டிப் போகிறாள், அம்மா அழுகிறாள். ஒரு படத்தில் அழுகிற அம்மாவுக்குக் கண்ணும் தெரியாது.

இதில் எதற்குக் கூட்டிக்கொண்டு போனாலும், அம்மா சாடைமாடையாகக் குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நிஷாந்தினி நினைப்பாள். பதினொரு வருடத்துக்கு முன், மாட்டேன் என்று நின்றவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக இத்தாலியிலிருந்த புருஷனிடம் விமானம் ஏற்றியவள் நான். அவளுடைய அப்பாவும் கண்மூடிய பிறகு இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான். அவள் திரும்பி வந்து என்னோடு இருந்தால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். ஆனால் அதை வாய் திறந்து கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன். கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் ஒரு சிரிப்புப் படம் அகப்பட்டது. ஒரு கஞ்ச முதலாளி, காணாமற்போன கோழி, அதைத் தேடும் மூன்று சோம்பேறிகள். அம்மா என்று ஒருத்தியே இல்லை. நிஷாந்தினி வரும் வாரத்து வெள்ளிக்கிழமைக்கு இரண்டு டிக்கட் பதிந்தேன்.

அந்தப் பெருமையை அடுத்த வீட்டு அனஸ்தாசியாவிடம் சொல்லப் போனேன். செபக் கூட்டம் நடத்துகிறவள். என் நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

"யூஜினி, நெத்தியில விபூதி இன்னும் அழியேல்ல. தபசுகாலத்தில படமோ? அதுவும் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நேரத்தில?"

காலையில் விபூதிப் புதன் பூசையில் பூசிய சாம்பலோடு இருந்துதான் டிக்கட் பதிந்திருக்கிறேன். மகள் வருகிற சந்தோஷத்தில் ஆண்டவரையே மறந்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறு வரும்வரை நாற்பது நாளும் எங்களுக்கு இறைச்சியும் இல்லை, படமும் இல்லை. இடையில் வருகிற ஞாயிறுகள் மட்டும் அந்த நாற்பதில் சேராது.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை போறன்" என்றேன்.

ஞாயிறன்று ஒரே ஒரு பழைய படம்தான் இருந்தது. ஒரு தாய் அப்பம் சுட்டு விற்று மகளைப் படிப்பிக்கிறாள். பட்டணம் போன மகளுக்காக ஒவ்வொரு நாளும் பீங்கானில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். கடைசியில் மகள் வரும்போது பீங்கான் இருக்கிறது, தாய் இல்லை. அந்தப் பதினாறில் ஆகக் கேடான படம் எனக்கு அதுதான். போகாமலே விடுவோமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பத்து நாளில் பாதி அவளுடைய சிநேகிதிகளுக்கும் மாமியார் வீட்டுக்கும் போய்விடும். அந்த மூன்று மணித்தியாலத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

முதல் பூசை கண்டுவிட்டு ரயிலேறினோம். கொழும்பு வரும்வரை அவள் போனில் இத்தாலி பாஷையில் கதைத்துக்கொண்டே வந்தாள். தியேட்டரில் பாதிக் கதிரைகள் காலி. விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் நிஷாந்தினி என் தோளில் சாய்ந்துவிட்டாள். பிரயாணக் களைப்பு இன்னும் தீரவில்லை போல. அப்பாடா என்று இருந்தது. அதோடு பெரிய கவலையாகவும் இருந்தது. பக்கத்தில் பிள்ளை இருந்தும், அந்தப் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். தோள் மரத்துப் போயிற்று, ஆனாலும் அசையவில்லை. அழுகை வந்தபோது மூக்கைக்கூட உறிஞ்சவில்லை.

திரும்பி வரும் ரயிலில் கேட்டாள்.

"நான் நல்லா நித்திரை கொண்டிட்டன் அம்மா. கடைசியில என்ன நடந்தது?"

"மகள் வந்திட்டாள்."

"நேரத்துக்கு வந்தவளோ?"

"ஓம். சோறு சூடா இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டவை."

"பிறகு?"

"பிறகென்ன, படம் முடிஞ்சுது."

அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

புதன்கிழமை அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு பழையபடி ஆயிற்று. வேறு வேலை இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்த வெள்ளைச் சட்டையைத் தோய்க்க எடுத்தேன். வலத் தோளில் கறுப்பாக ஒரு கறை. ரயில் தூசு என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தூசு இல்லை, அவளுடைய கண் மை. உள்ளங்கை அகலத்துக்குக் கரைந்து ஊறியிருந்தது.

நித்திரை கொள்கிறவளுக்கு மை அப்படிக் கரையாது. முழுப் படத்தையும் பார்த்திருக்கிறாள். முடிவு தெரிந்துகொண்டுதான் என்னிடம் கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் போயும் இருக்கிறாள்.