திரும்ப வந்த கற்கள்

பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் விண்கற்களில் ஒன்றுகூட என் அத்தானின் கண்ணுக்குத் தப்பியதில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார், பலமுறை, சாப்பாட்டு மேசையில். தொலைநோக்கி எடுக்கும் படங்களில் நகரும் புள்ளிகளைத் தேடுவது அவர் வேலை. இரண்டு வருடத்தில் இருநூற்று அறுபது கற்கள். தன் தொலைநோக்கி பார்க்கும் வானத்தில் இருப்பதே அவ்வளவுதான் என்று அறிக்கையும் அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு நகராட்சியில் தெருநாய் கணக்கெடுப்பு. முதல் வாரம் கண்ணில் படும் நாய்க்கெல்லாம் முதுகில் சாயப் பொட்டு வைப்பாள். அடுத்த வாரம் அவற்றில் எத்தனை திரும்பத் தென்படுகின்றன என்று எண்ணுவாள். பார்த்த நாயையே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஓர் உத்தியோகம் என்பார் அத்தான். அவர் கணினியில் பழைய கல் மறுபடி தென்பட்டால் நேரே குப்பைக் கோப்புக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு கேள்வியோடு அறிக்கை திரும்பி வந்தது. பார்த்தது சரி, பார்க்காதது எவ்வளவு? திங்கட்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் தொலைநோக்கி வேறு குழுவுக்குப் போய்விடும். அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார். எங்கள் வீட்டு வரலாற்றில் அது முதல்முறை.

மறுநாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தானாகவே ஒரு துண்டை மடித்தார். கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு இப்படியொரு சந்தேகமாம் என்று ஆரம்பித்தார்.

அக்கா அந்தத் துண்டை வாங்கி மறுபடி மடித்தாள். "பழசு எத்தனை திரும்ப வந்துச்சாம்?"

"அதையெல்லாம் யாரு எண்ணுறா? தூக்கிப் போட்டாச்சு."

"அதுதாங்க கணக்கே. இந்தத் தடவை நூறு நாய் பாத்து, அதுல நாப்பது பொட்டு வச்சதுன்னா, போன தடவை நான் பாத்தது ஊர்ல இருக்கிறதுல நூத்துக்கு நாப்பதுதான். மிச்சம் எங்கயோ இருக்கு."

கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எப்போது போனாலும் இருக்கும், பதுங்குகிற நாயைத் தனியாக எண்ண வேண்டும் என்றும் சொன்னாள். அந்த ஒருவர் யாரென்று அவள் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் அத்தான் மறந்துவிட்டுப் போன போனைக் கொடுக்க அலுவலகம் போனேன். தனியாக இருந்தார். திரையில் குப்பைக் கோப்பு. பளிச்சென்ற கற்களுக்கு ஒரு தாள், மங்கலானவற்றுக்கு இன்னொன்று. போன வருடமும் பார்த்த கல் ஒவ்வொன்றுக்கும் பேனாவால் ஒரு பொட்டு.

"மங்கல் அம்பது பாத்ததுல மூணுதான் மாப்ள திரும்ப வந்தது," என்றார், தாழ்ந்த குரலில். "இன்னும் எவ்வளவு கிடக்குதோ."

போனை மேசையில் வைத்தேன். நாலாவது கிடைத்தபோது நான் நிற்பதையே மறந்திருந்தார்.