பாதியாகக் குறைகிறது

1

"நேரா இருக்கா பாரு, புஷ்பம்."

ரங்கநாதன் தெருவில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில், ஸ்டூல் மேல் நின்று ஆடித் தள்ளுபடிப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தார் என் கணவர் வைரவன்.

"எடது பக்கம் ஏறிக் கெடக்கு."

"உன் கண்ணுதான் சாஞ்சிருக்கு" என்றபடியே சரிசெய்தார். அன்று சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்டார். 1974.

கதை அங்கேதான் பிறந்தது என்று எழுத ஆசை. உண்மையில் அது பிறந்தது காரியம் முடிந்த மறுநாள், கொழுந்தன் கருணாகரன் கேட்ட கேள்வியில்.

2

(கேள்விக்கு முன்னால் ஒரு தலைப்பைச் சொல்லியாக வேண்டும். வாரப் பத்திரிகையில் வந்தது: "புதிய மாத்திரை: இருதய நோய் மரணம் பாதியாகக் குறைகிறது!" அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வியாதி, அதே மாத்திரை. அண்ணன் அந்தத் தலைப்பை நம்பித் தைரியமாக மாடிப்படி ஏறினார், உரக்கச் சிரித்தார்.)

3

"மதினி, பாதிப் பேருதான பொழைப்பாவன்னு போட்டிருக்கு? அண்ணன் ஒரு பாதியில போயிட்டாவ. நான் எந்தப் பாதி?"

கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். மகளுக்கு வரன் பார்ப்பதையும்.

4

மயிலாப்பூர் டாக்டர் ஜெயலக்ஷ்மி அந்தச் செய்திக்கு மூலமான ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டுச் சொன்னார்:

"மாத்திரை சாப்பிடாதவா நூறு பேர்ல நாலு பேர் போயிருக்கா. சாப்பிட்டவா நூறு பேர்ல ரெண்டு. நாலுல பாதி ரெண்டுதானே? பத்திரிகை பொய் சொல்லலை."

"அப்ப தொண்ணூத்தாறு பேரு மாத்திரை இல்லாமலே உயிரோட இருந்திருக்காவளா?"

"இருந்திருக்கா. அதுக்காக நிறுத்தச் சொல்லிடாதேங்கோ!"

5

தம்பியிடம் சொல்ல வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நூறில் தொண்ணூற்றெட்டுப் பேர் பிழைக்கிறார்கள்." (அப்புறம் அண்ணன் ஏன் போனார் என்பான்.)

"மாத்திரை காப்பாற்றுவது நூறில் இரண்டு பேரைத்தான்." (தூக்கி எறிந்துவிடுவான்.)

"மரணம் பாதியா..." வேண்டாம்.

எல்லாம் ஒரே ஆராய்ச்சிதான். அண்ணனை மாடி ஏற்றிய வாக்கியமே தம்பியைக் கட்டிலில் போட்டது. அதை எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேண்டுமென்றே... (இந்த வரியை அடித்துவிட்டேன், அவரை எனக்குத் தெரியாது.) ஒரு வருத்தம் மட்டும் உண்டு. பாதி விலை என்று எழுதினால் என் கணவர் பக்கத்திலேயே பழைய விலையையும் எழுதுவார். எதில் பாதி என்று பத்திரிகை சொல்லவில்லை.

6

கதவைத் தட்டினேன். திறந்தான். உள்ளங்கையில் அன்றைய மாத்திரை, விழுங்காமல்.

"சொல்லுங்க மதினி."

நான் சொன்னதை எழுதினால் அதுதான் சரியென்று நினைத்துவிடுவீர்கள். அதனால் எழுதவில்லை. என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். அவன் உங்கள் வாயையே பார்க்கிறான்.

எந்த வாக்கியத்தைச் சொன்னாலும், அந்த மாத்திரையில் இருக்கும் மருந்து அதே அளவுதான்.