ஏழு பதில்கள்

எங்கள் கல்லூரியில் விமானப்படைக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் பிரிவில் சேர்ந்தால், முதல் வாரமே ஏழு பதில்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஆமாம் சார். இல்லை சார். தெரியாது சார். புரியவில்லை சார். ஒன்று கேட்கலாமா சார். ஒன்று சொல்லலாமா சார். சொல்ல ஒரு காரணமும் இல்லை சார். மேலே இருப்பவர் எதைக் கேட்டாலும் இந்த ஏழில் ஒன்றுதான் வாயிலிருந்து வர வேண்டும். எட்டாவதாக எதையாவது உளறினால் மூத்த மாணவர்கள் காதருகே வந்து கத்துவார்கள். ஓஹாயோ குளிரில் விடியற்காலையில் யாரோ ஒருவனின் எச்சில் கன்னத்தில் தெறிப்பது அப்படியொன்றும் சுகமான அனுபவம் இல்லை.

இரண்டாம் ஆண்டின் வசந்தத்தில் இந்தக் கத்தல் மறுபடி சூடுபிடிக்கும். கோடையில் அலபாமாவில் நடக்கும் முகாமுக்கு இடம் கிடைத்தவர்கள்தான் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியும். கிடைக்காதவர்கள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு கலந்துவிட வேண்டியதுதான். எனக்கு இடம் கிடைத்திருந்தது. விமானம் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. பாக்கி இருந்தது குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டிய ஓட்டத் தேர்வு ஒன்றுதான். அதில் தவறினால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு என் இடம் போய்விடும்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அம்மா கூப்பிட்டாள். என் தம்பி பெட்ரோல் பங்கில் நிறுத்தியிருந்த அவனுடைய டிரக்குக்குள்ளேயே செத்துக் கிடந்தானாம். போதை மாத்திரை. எங்கள் பக்கத்தில் அது என்ன மாத்திரை என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். நான் "சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு நீலச் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

செவ்வாயன்று ஓடினேன். கால்கள் யாருடையவோ. என் அறைத்தோழி இபாரா அவள் ஓட்டத்தை முடித்துவிட்டு என் பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"ஏய் ஸ்டாஃபர், என்னடி ஊர்வலம் போற மாதிரி வர்ற? உன் இடத்துக்கு அங்க ஒருத்தி நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறா. ஓடுடி!"

கேட்டது. கால்களுக்குக் கேட்கவில்லை. சில வினாடி வித்தியாசத்தில் தவறிவிட்டேன்.

மதியம் எங்கள் பிரிவின் தலைவர் கர்னல் ராட்கி கூப்பிட்டார். சரக்கு விமானம் ஓட்டியவர், குரல் உயர்த்தத் தெரியாதவர். கதவை ஒரு தட்டு தட்டி உள்ளே போய் மேசைக்கு முன் நின்று சல்யூட் அடித்தேன்.

"போன தடவை பசங்களையே முந்திக்கிட்டு ஓடின. இப்ப என்ன ஆச்சு?"

"சொல்ல ஒரு காரணமும் இல்ல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பாட்டை விடு ஸ்டாஃபர். நிஜமாவே கேக்குறேன். உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதாவதா? காரணம் இருந்தா அடுத்த வாரம் உன்னை மறுபடி ஓடவிட என்னால முடியும். இன்னிக்கு சாயங்காலம் நான் பேரை அனுப்பியாகணும்."

"சொல்ல ஒரு காரணமும் இல்ல சார்."

தம்பியின் சாவைக் காட்டிச் சலுகை வாங்குவதா என்று ரோஷப்பட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் எதையும் யோசிக்கவே இல்லை. கேள்வி வந்தது, பதில் போனது. அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு போகச் சொன்னார். அப்படியே திரும்பி, அழகாக அடியெடுத்து வைத்து வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை இபாராவிடம் அவளுடைய கறுப்பு கவுனைக் கடன் கேட்டேன்.

"எந்தப் பார்ட்டிக்குடி? இவ்வளவு நடந்தும் உனக்கு ஆட்டம் கேக்குதா?"

"என் தம்பிய நாளைக்குப் புதைக்கிறாங்க."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப... கர்னல்கிட்ட சொன்னியா?"

"அவர் கேட்டார். காரணம் எதுவும் இல்லன்னுட்டேன்."

"பைத்தியமாடி நீ? பைத்தியமா?" என்று கத்தினாள். பிறகு அவள்தான் அழுதாள். எனக்காக யாராவது அழுது முடிக்கட்டும் என்பதுபோல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கவுன் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

திங்கட்கிழமை கர்னல் மறுபடி கூப்பிட்டார். இபாரா போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா சார்."

"மேல பேசிப் பாத்தேன். கெஞ்சியே பாத்தேன். அந்தப் பொண்ணுக்குக் குடுத்தது குடுத்ததுதானாம். உன் இடம் போயிடுச்சு."

"ஆமா சார்."

அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, மற்றதை என் பக்கம் தள்ளினார். உட்காரச் சொன்னார். முதுகு சாயாமல், கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்தேன்.

"இங்க வந்த பிள்ளைங்களுக்கு நாங்க என்னத்தைச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கோம்னே தெரியல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு நிமிர்ந்தார். "இப்ப நான் கர்னல் இல்ல. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். உன் தம்பி பேரு என்ன?"

"தெரியாது சார்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். ஏழும் வரிசையாக வந்து நின்றன, அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. கோல்பி. அவன் பிறந்தபோது அந்தப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தரையில் உருண்டு அடம்பிடித்தவளே நான்தான்.