இருபத்தாறாவது இரவல்

புத்தகத்துக்குச் சாவு நாள் குறித்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் எங்கள் நடமாடும் நூலக வண்டியில் ஏற்றி, டிரைவர் அண்ணன் போடும் பிரேக்கில் மேல்தட்டு அகராதிகள் நாலும் தலையில் விழுகிற மாதிரி உட்கார வைத்திருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் நூலகம் மின்னூல் வாங்கியது. வாங்கியது என்பதே தப்பு. அச்சுப் புத்தகத்தைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து, அதை இருபத்தாறு முறை இரவல் கொடுக்க அனுமதி வாங்கியது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். இருபத்தாறாவது இரவல் முடிந்ததும் புத்தகம் மாயம். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி விலை. ஏனய்யா என்று கேட்டால், அச்சுப் புத்தகம் அத்தனை கை மாறினால் கிழிந்துவிடுமாம், அதனால் இதுவும் கிழிய வேண்டுமாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். என் வண்டியில் இருந்த செவிலியர் நுழைவுத்தேர்வு வழிகாட்டி நூற்றுப் பன்னிரண்டு முறை வெளியே போய் வந்தது. முதுகு பிரிந்தபோதெல்லாம் நானே ஊசி நூல் போட்டுத் தைத்தேன். தேதிச் சீட்டை மட்டும் ஐந்து முறை மாற்றி ஒட்டினேன். ஊசி பிடிக்கத் தெரியாதவன்தான் இப்படிக் கணக்குப் போடுவான்.

எங்கள் இயக்குநருக்கு டிரைவர் அண்ணன் வைத்த பெயர் ஸ்லைடு சார். மனிதர் தும்மினாலும் சுவரில் படம் ஓடும். "வண்டி ஒரு நாளைக்கு எத்தனை இடத்துக்குப் போகுது? எட்டு. மின்னூல் எத்தனை வீட்டுக்குப் போகும்? எல்லா வீட்டுக்கும்!" என்று ஒரு ஸ்லைடு போட்டு எங்கள் வண்டியை நிறுத்தினார். அடுத்த ஸ்லைடில், மின்னூலாக வந்துவிட்ட புத்தகங்களின் அச்சுப் பிரதிகளைக் கழித்துக்கட்டினார். மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் லாரியில் ஏறின. நான் தைத்த வழிகாட்டியும் ஏறியது. அதைப் பதிப்பகம் அச்சில் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. தனி ஆளுக்கும் விற்பதில்லை, அவர்களுடைய பயிற்சி வகுப்பில் சேர்ந்தால்தான் கண்ணில் காட்டுவார்கள்.

அந்த வழிகாட்டியை நம்பி ஒருத்தி இருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். வண்டி ஓடிய காலத்தில் புதன்தோறும் மருத்துவமனைப் பின்வாசலில் அரை மணி நேரம் நிற்போம். ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டே ஓடி வருவாள். கை காய்ந்த பிறகுதான் புத்தகத்தைத் தொடுவாள். வயது முப்பத்துநாலு. செவிலியர் பயிற்சியில் சேர முப்பத்தைந்து நிரம்பியிருக்கக் கூடாது. இந்த வருஷத் தேர்வை விட்டால் ஆயுசுக்கும் மற்றவர் படுத்த விரிப்பை மடிக்க வேண்டியதுதான்.

வண்டி நின்ற பிறகு அவளுடைய போனில் மின்னூலை ஏற்றிக் கொடுத்தது நான்தான். சோதனை ஓட்டம் என்று சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். பதினாலு நாள். பதினைந்தாம் நாள் விடிந்தபோது புத்தகம் போனிலிருந்து தானாகக் கழன்றுகொண்டது. ஏழு அத்தியாயத்தில் ஐந்து முடித்திருந்தாள். நூலகத்துக்கே வந்து நின்றாள்.

"மத்ததெல்லாம் வந்துடுச்சுக்கா. மருந்து அளவுக் கணக்குதான் மண்டையில ஏறல. எத்தனை மில்லி, எத்தனை சொட்டுன்னு கேட்டாலே குழம்பிடுது. அந்தக் கடைசி ரெண்டு அத்தியாயம் மட்டும் கிடைச்சா போதும்."

"சோதனை முடிஞ்சிடுச்சுடி. வர்ற புதன்கிழமை திறப்பு விழா. அன்னைக்கு எல்லாருக்கும் திறந்து விடுவாங்க. பரீட்சை ஞாயித்துக்கிழமைதானே? நாலு நாள் இருக்கு. நான் வாங்கித் தர்றேன், போ."

வாய் கொழுத்துச் சொன்னேன்.

அதற்குள் ஸ்லைடு சாருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. விழாவில் காட்டப்போகும் வரைபடத்தில் கோடு தரையோடு கிடந்தது. சோதனைக்கு எடுத்தவர்களே கொஞ்சம்பேர், கோடு எப்படி எழும்பும்? ஊழியர் எல்லாரையும் கூப்பிட்டார். "ஆளுக்கு ஒரு நாளைக்கு நாப்பது இரவல். எடுங்க, திருப்புங்க, எடுங்க, திருப்புங்க. சிம்பிள்!"

எங்களுக்கு இது புதுசு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை நாளில் வண்டிக்கு ஈ காக்கா வராது. பதிவேட்டில் பூஜ்யம் எழுதினால் அந்த நிறுத்தத்தையே வெட்டிவிடுவார்கள். அதனால் டிரைவர் அண்ணன் பேரில் பத்து, என் பேரில் பத்து என்று முத்திரை குத்துவோம். குத்திய கையோடு திரும்பி வந்துவிட்டதாகவும் குத்துவோம். புத்தகம் தட்டைவிட்டு அசையாது, யாருக்கும் சேதமில்லை, நிறுத்தமும் பிழைக்கும். அந்த நூற்றுப் பன்னிரண்டில் ஒரு இருபது மழைக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஸ்லைடு சார் சொன்னதும் வாயால் நாலு திட்டுத் திட்டிவிட்டுக் கையால் வேலையை ஆரம்பித்தோம். ஓடாத வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு தட்டினோம். யார் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள்? திறந்ததும் 'வாசகர் அதிகம் விரும்பியவை' என்று ஒரு வரிசை வரும். பெயரைக்கூடப் பார்க்காமல் அதையே எடுத்தோம், அதையே திருப்பினோம். மேலே அலுவலகத்தில் இருந்தவர்களும் அப்படித்தான். சோம்பேறிகளுக்குள் என்ன ஒற்றுமை பாருங்கள்.

புதன்கிழமை அரங்கம் நிரம்பியது. சலவைக்கூடத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் வந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். திரையில் ஸ்லைடு சாரின் கோடு மாடிப்படிபோல ஏறிக்கொண்டே போனது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் அவருக்கு ஒரு ஆசை வந்தது.

"ஒரு உண்மையான வாசகர் மேடைக்கு வந்து, முதல் இரவலை எடுக்கட்டும்!"

நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். மேடையில் இருந்த போனை வாங்கும் முன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதில் வழிகாட்டியைத் தொட்டாள். அரங்கம் முழுக்கத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் பதில் வந்தது: 'இந்த நூலின் இரவல் எண்ணிக்கை முடிந்துவிட்டது.'

"வேற தொடும்மா," என்றார் ஸ்லைடு சார்.

அடுத்ததைத் தொட்டாள். முடிந்துவிட்டது. அதற்கடுத்தது. முடிந்துவிட்டது. வரிசை முழுக்க முடிந்து, கடைசியில் கழிவுநீர்த் தொட்டிப் பராமரிப்புக் கையேடு ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது.

மனிதர் அசரவே இல்லை. மைக்கைப் பிடித்து, "பாத்தீங்களா? இன்னும் திறக்கவே இல்ல, அதுக்குள்ள தீர்ந்துபோச்சு! மக்கள்கிட்ட அவ்வளவு டிமாண்ட்!" என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தூ! விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு ஒட்டிய மண்ணுக்கும் கைதட்டல் கிடைத்தது.

கழிவுநீர்க் கையேட்டை இரவல் எடுத்த முதல் வாசகி என்று அவளைப் படம் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டார்கள்.

டிரைவர் அண்ணன் என் காதில் கேட்டார். "ஏம்மா, நாம குத்துன குத்துலயா அது செத்துப்போச்சு?"

அவளையும் இழுத்துக்கொண்டு மாடியிலிருந்த கொள்முதல் பிரிவுக்கு ஓடினேன். உடனே இன்னொன்று வாங்கு என்றேன். அங்கே இருந்தவர் நகம் வெட்டிக்கொண்டே, "அடுத்த கமிட்டி மூணு மாசம் கழிச்சுதான்," என்றார். நீ மூணு மாசம் கழிச்சே நகம் வெட்டேன்யா என்று கத்திவிட்டு, பக்கத்து மேசைக் கணினியில் நானே அந்தப் புத்தகத்தின் இரவல் பட்டியலைத் திறந்தேன். யார் யார் எடுத்தார்கள் என்று காட்டி ஸ்லைடு சாரின் மானத்தை வாங்க வேண்டும் என்று கை பரபரத்தது.

இருபத்தாறு வரி. முதல் வரியில் அவள் பெயர். மற்ற இருபத்தைந்தும் நாங்கள். அதில் ஒன்பது என்னுடையது. கடைசி வரி, இருபத்தாறாவது, செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்து, என் பெயர். ஒரு கையால் பிஸ்கெட்டை டீயில் முக்கிக்கொண்டு இன்னொரு கையால் தட்டியது ஞாபகம் வந்தது. அன்றைய நாற்பது முடிந்தது, சனி விட்டது என்று அண்ணனிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது.

அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். திரை அவளுக்குத் தெரியவில்லை.

"விடுங்கக்கா, சண்டை போடாதீங்க. என்னை மாதிரி பரீட்சைக்குப் படிக்கிறவங்கதானே எடுத்திருப்பாங்க. படிக்கட்டும். நான்தான் லேட்டு."

ஆமாடி என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்று ஸ்லைடு சாரைக் காட்டியும் கழன்றிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"நான்தாண்டி எடுத்தேன். கடைசியா எடுத்ததும் நான்தான்."

"நீங்களா? நீங்களும் நர்ஸ் பரீட்சை எழுதறீங்களாக்கா?"

"இல்ல."

"அப்ப வீட்டுல யாராவது?"

"யாரும் இல்ல. நான் அதைத் திறந்துகூடப் பாக்கல."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கும் கொஞ்சம் கத்தத் தெரியும். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. காய்ந்த கையை மறுபடி புடவையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"பின்ன எதுக்குக்கா எடுத்தீங்க?"

காலையிலிருந்து ஊரையே திட்டிய வாய் இது. திரையை அவள் பக்கம் திருப்பி வைக்கத்தான் முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு, அனுமதி நேரம் முடிகிறது, விரிப்பெல்லாம் குவிந்திருக்கும் என்று சொல்லி அவள் படியிறங்கிப் போனாள்.