தார் ரோட்டை விட்டு இறங்கியவர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைப்பு எனக்கு வந்ததல்ல. என் தங்கை மெர்சிஹாவுக்கு. நான் அவளுடைய மருத்துவமனை அறையில் காபி குடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டேன்.

முதலில் எழுதிய வரி: ‘ஹம்தியாவுக்குப் புல்லைக் கண்டால் பயம்.’ அடித்துவிட்டேன். போஸ்னியாவில் எங்கள் வயதுக்காரர் யாருக்கு அது இல்லை? போர் முடிந்தும் கண்ணிவெடிகள் மண்ணில் கிடந்தன. [அவசரத்துக்குக்கூடத் தார் ரோட்டை விட்டு இறங்கமாட்டோம்.]

பிறகு எல்லோரும் இறங்கினோம். ஹம்தியா இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த தன் பிளம் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. பேத்தி அங்கே ஓடினால் அலறுவார். மகள் குழந்தையைக் கூட்டிவருவதையே நிறுத்திவிட்டாள். அதனால்தான் மன ஆலோசகரான மெர்சிஹாவிடம் வந்தார்.

2

அவள் கற்ற முறை வெளிநாட்டுக்காரர்கள் வகுத்தது. பயத்தைத் தாளில் கட்டம் போட்டு எழுது, உண்மையா என்று சோதி. ஹம்தியா எழுதமாட்டார். அவருக்காக மாற்றினாள். தாளுக்குப் பதில் காபி. கட்டங்களுக்குப் பதில் ஒரே கேள்வி: இது நினைப்பா, நிஜமா?

“புல்லுல நிக்கணும்னா மாட்டைக் கூப்பிடு மகளே. என்னை எதுக்கு?”

“மாடு சொன்ன பேச்சு கேக்கும் மாமா.”

முதலில் பள்ளி மைதானம். பிறகு பூங்கா. கடைசியில் சொந்தத் தோட்டம். வெடி இல்லையென்று எப்போதோ சோதித்த இடம்.

(பிறகு வந்த வெள்ளத்தில், வெடிகள் கிடந்த மலைமண் சரிந்து அந்தத் தோட்டத்துக்குள் வந்ததைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. நீக்கினேன். மெர்சிஹாவுக்கும் அது தோன்றவில்லை.)

3

“மகளே, தோட்டத்துல நிக்கிறேன். கை நடுங்கல.”

“சபாஷ் மாமா!”

“கால்கிட்ட பச்சையா ஒரு டப்பா. பாதி மண்ணுக்குள்ள இருக்கு.”

மெர்சிஹாவின் கையிலிருந்த கோப்பை

[விழவில்லை. கதைகளில்தான் விழும்.]

“சொல்லு மகளே. இது நினைப்பா, நிஜமா?”

அந்தக் குரலில் பயமே இல்லை. நான் பயந்தது அதனால்தான். இத்தனை காலம் அவரைக் காத்த ஒன்றை என் தங்கை கழற்றி எடுத்திருந்தாள்.

“அசையாதீங்க,” என்றாள்.

4

முதல் முடிவு: வெடி அகற்றுபவர்கள் வந்தார்கள், அவர் பிழைத்தார். நடந்தது இதுதான். ஆனால் முடிவு இதுவல்ல.

இரண்டாவது: பயமில்லாததால் ஓடவில்லை, அதனால் பிழைத்தார், சிகிச்சை வென்றது. எழுதிப் பார்த்தேன். கை கூசியது.

திங்கட்கிழமை ஹம்தியா வந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த மகள் பின்னால் நின்றாள். பேத்தியின் கை அவர் பிடியில் இருந்தது. மருத்துவமனைக்கு முன்னால் சிறிய புல்வெளி. தார் விளிம்பில் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

“கையை விடட்டுமா மகளே?”

மெர்சிஹா சொன்னாள்: “

மேற்கோளை நான் மூடவில்லை. குழந்தை கையை இழுத்துக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.